நாற்பத்தொரு கலியாணமும் ஒரு பூசணிக்காயும்

செபமாலைமுத்து நாற்பத்தொரு கலியாணம் செய்து வைத்தவர். தரகுக் காசு என்று ஒரு சதம் வாங்கியதில்லை. ஒவ்வொரு கலியாணத்திலும் மண்டபத்தில் எல்லோரும் பார்க்க ஒரு பொன்னாடை போர்ப்பார்கள். அது போதும் அவருக்கு. லண்டன் ஹரோவிலுள்ள வீட்டின் மேல்மாடி அலுமாரி ஒன்றில் பொன்னாடைகள் மட்டுமே அடுக்கப்பட்டு, பூச்சி உருண்டை வாசத்தோடு கிடந்தன. முப்பது வருடம் பஸ் ஓட்டிய மனிதர் அல்லவா, யார் எங்கே ஏறுவார், எங்கே இறங்குவார் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார். அப்படித்தான் அவர் சொல்லிக்கொள்வார்.

வாத்தியார் பிள்ளை மக்கு என்பார்கள். கலியாணம் பேசுகிறவர் பிள்ளை பிரமச்சாரி. ஒரே மகன் நிர்மலனுக்கு முப்பத்தெட்டு வயது. வீடுகளைச் சூடாக்கும் பொயிலர் திருத்துகிற வேலை. குடியில்லை, சிகரெட் இல்லை, ஞாயிறு பூசை தவறியதில்லை. இப்படி ஒரு மாப்பிள்ளையை ஏழு பெண்கள் வேண்டாம் என்று விட்டார்கள். ஒரு வீட்டில் பிள்ளை இன்னும் படிக்கப் போகிறாளாம். அந்தப் பிள்ளை ஏற்கெனவே டொக்ரர். இன்னொரு வீட்டில் தாய்க்குச் சுகமில்லையாம். அதே தாய் அடுத்த சனிக்கிழமை அரங்கேற்றம் ஒன்றில் முன்வரிசையில் இருந்து கைதட்டினாள். கோயில் சனம் அவரிடம் நேரே ஒன்றும் கேட்பதில்லை. கேட்காமல் விடுவதுதான் அவரைச் சுட்டது. மகனை மாலையும் கழுத்துமாகக் காணாமல் கண்ணை மூடினால், பரலோக வாசலில் கலியாண வரம் கொடுக்கும் அந்தோனியார் தன்னைப் பார்த்து வாய்விட்டுச் சிரிப்பார் என்று மனமார நம்பினார்.

சொலோமியா அந்த வீட்டுக்கு வந்தது யுத்தம் தொடங்கிய வருடம். உக்ரேனிலிருந்து வருகிறவர்களுக்கு வீட்டில் அறை கொடுக்க யாராவது இருக்கிறீர்களா என்று பாதர் பூசை முடிவில் கேட்டபோது, முதலில் கை தூக்கியவர் செபமாலைமுத்துதான். இதிலே பெருமைக்கு ஆசைப்பட்டார் என்று சொன்னால் பாவம். மன்னார்ப் பேசாலையிலிருந்து வள்ளத்தில் இராமேஸ்வரம் போய், அங்கே முகாமில் இரண்டு வருடம் தகரக் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்த மனிதர் அவர். கதவு திறக்காத வீடுகளை எண்ணியிருக்கிறார். அதனால் தன் கதவைத் திறந்தார்.

அவள் ஒரு பெட்டியோடு வந்தாள். பெட்டிக்குள், கம்பளிச் சட்டையில் சுற்றி, ஒரு மாதா படம். மரப்பலகையில் வரைந்தது, மாதாவின் முகம் அவித்த கிழங்கின் நிறம். கூடவே நீளமான ஒரு வெள்ளைத் துவாய், இரண்டு முனையிலும் சிவப்பும் கறுப்புமாகப் பூத்தையல். வந்த அன்றே அறையின் கிழக்கு மூலையில் படத்தை மாட்டி, அதன் தலைக்கு மேலால் துவாயைப் போட்டு, இரண்டு பக்கமும் தொங்கவிட்டாள்.

“இஞ்சருங்கோ, அந்தப் பிள்ளை மாதாவுக்கு மேல துவாய் காயப்போட்டிருக்கிறாள்” என்று பியற்றிஸ் கீழே ஓடி வந்து புருசனிடம் முறையிட்டாள்.

பிறகு விளங்கியது. அவர்கள் ஊரில் அந்தத் துவாய் இல்லாத மாதா, உடுப்பில்லாத மாதா மாதிரியாம். பிறந்த பிள்ளையை ஏந்துவதும் அதில்தான். மணமக்களின் காலடியில் விரிப்பதும் அதைத்தான். செத்தவரின் பெட்டியைக் குழிக்குள் இறக்குவதும் அதைப் பிடித்துத்தான். பியற்றிஸ் இதைக் கேட்டுவிட்டு இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள், மடு மாதா படத்துக்குத் தன் கூறைச்சேலையின் முந்தானையில் ஒரு துண்டை வெட்டிப் போட்டாள். மாதாவுக்கு மாதா குறைந்து போகக் கூடாது என்பது அவள் கட்சி.

சொலோமியாவின் கையில் ஊசி இருந்தால் அவளுக்கு மொழி தேவையில்லை. வெம்பிளியில் பிறேமினி நடத்தும் தையல் கடையில் வேலை கிடைத்தது. ஆறு மாதத்தில், கலியாணப் பெண்களின் சட்டைக்கு மணி கோத்துத் தைப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை என்றாகிவிட்டது. தமிழில் “ஓம்”, “காணும்”, “கை இறுக்கமோ?” என்ற மூன்றையும் பிழையில்லாமல் சொல்வாள். மிச்சத்தை ஆங்கிலத்தில் சமாளிப்பாள். வயது முப்பத்துநான்கு, கலியாணம் ஆகவில்லை. ஊரில் தாய் மட்டும். யுத்தம் முடிந்த அடுத்த நாளே திரும்பிப் போவேன் என்று மாதம் ஒருதரம் சொல்வாள். நாங்களும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு வந்தோம் என்று செபமாலைமுத்து மனதுக்குள் நினைத்துக்கொள்வார்.

அவளும் கத்தோலிக்கம்தான். பாப்பரசர் அதே பாப்பரசர். ஆனால் கொஞ்சம் தாடி வைத்த கத்தோலிக்கம். அவள் வந்து இரண்டு வருடம் ஆனபோது, அவர்களுடைய உயிர்ப்பு ஞாயிறு நம்முடையதற்கு ஐந்து கிழமை பிந்தி வந்தது. முதல்நாள் சனிக்கிழமை, கூடை ஒன்றைத் தயாரித்தாள் சொலோமியா. உயரமான ஒரு இனிப்புப் பாண், கராம்பு குத்திச் சிலுவை போட்ட பட்டர்க்கட்டி, உப்பு, துருவிய காரக்கிழங்கு, சொசேஜ், நிறம் பூசிய முட்டைகள். எல்லாவற்றையும் பூத்தையல் துணியால் மூடி, மத்திய லண்டனிலுள்ள தங்கள் பேராலயத்துக்கு மந்திரிக்கக் கொண்டு போனாள். செபமாலைமுத்துவும் பியற்றிஸும் கூடப் போனார்கள். பியற்றிஸ் கூடையின் ஓரத்தில் ஒரு போத்தல் சீனிச் சம்பலையும் செருகிவிட்டாள். ஆசீர்வாதம் சும்மா கிடைக்கும்போது விடுவானேன்?

அங்கே பியற்றிஸ் கண்டது அவளை ஒரு கிழமை நித்திரை கொள்ள விடவில்லை. கூடைகளுக்குத் தீர்த்தம் தெளித்த சுவாமிக்கு மனைவி இருந்தாள். மூன்று பிள்ளைகளும் இருந்தார்கள். அந்தச் சபையில் கலியாணம் கட்டியவரும் சுவாமியாகலாமாம். “சுவாமிக்கே மனிசி கிடைச்சிருக்கு. என்ர பிள்ளைக்குக் கிடைக்கேல்லை” என்று ரயிலில் வரும்போது மூக்கைச் சிந்தினாள்.

செபமாலைமுத்துவின் மூளைக்குள் மணி அடித்தது அப்போதுதான் என்று நினைக்காதீர்கள். அது கோயில் முற்றத்திலேயே அடித்துவிட்டது. கூடைகளுக்குப் பக்கத்தில் நின்ற ஒரு மீசைக்காரக் கிழவரிடம், தொழில் புத்தி போகாமல், உங்கள் ஆட்கள் பெண் பேசுவது எப்படி என்று கேட்டிருந்தார். கிழவருக்கு அதைவிட இனிப்பான கேள்வி கிடையாது. மாப்பிள்ளை பக்கத்துப் பெரியவர்கள் பாணோடு பெண் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள். பெண்ணுக்குச் சம்மதம் என்றால், அவள் தான் தைத்த துவாயைக் கொண்டு வந்து பேச வந்தவரின் தோளில் குறுக்காகக் கட்டுவாள். மாதா திருநாள் ஒன்று ஒக்ரோபரில் வருகிறது, அதற்குப் பிறகுதான் பருவம்.

“சம்மதம் இல்லாவிட்டால்...” என்று கிழவர் தொடர்ந்தார்.

“நன்றி, நன்றி” என்று கிழவரின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு செபமாலைமுத்து நகர்ந்துவிட்டார். துவாயைத் தோளில் கட்டுவார்களாம்! பொன்னாடைதான், வேறென்ன. அதற்கு மேல் கேட்க அவருக்கு என்ன இருக்கிறது? சம்மதம் இல்லாவிட்டால் என்ற பகுதியை அவர் தன் வாழ்நாளில் ஒருவரிடமும் நின்று கேட்டதில்லை.

கோடை முழுக்க அவர் கவனித்தார். குசினியில் நிர்மலனும் சொலோமியாவும் தேத்தண்ணி ஊற்றும்போது ஏதோ சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். வீட்டில் ஒரு வார்த்தைக்கு மறுவார்த்தை பேசாத பிள்ளை, அவளோடு மட்டும் முக்கால் மணித்தியாலம் கதைத்தான். கதவடியில் இவருடைய செருப்புச் சத்தம் கேட்டால் இரண்டு பேரும் கப்பென்று வாயை மூடினார்கள். நாற்பத்தொரு கலியாணம் பார்த்த கண்ணுக்கு இது போதாதா?

ஒக்ரோபர் வந்தது. அது செபமாலை மாதம். அந்த மாதத்தில் பிறந்ததால்தான் அவருக்கே அந்தப் பெயர். கோயில் சனம் வீட்டுக்கு வீடு போய்ச் செபமாலை சொல்லும். அவருடைய வீட்டு முறை பத்தொன்பதாம் திகதி, சனிக்கிழமை மாலை. அன்று காலையில் பேசி முடித்தால், மாலையில் சபையைக் கூட்டாமலே சபை கூடியிருக்கும் என்று திட்டம் போட்டார்.

மகனிடம் கேட்டாரா என்றால், கேட்டார். வேலைக்குப் போக அவன் சப்பாத்து நூலைக் கட்டிக்கொண்டிருந்தபோது, “சொலோமியாவைப் பற்றி யோசிச்சிருக்கிறன். உனக்கு ஓக்கேதானே?” என்றார். அவன் நிமிர்வதற்குள், “கவனமாப் போட்டு வா” என்று கதவைச் சாத்திவிட்டார்.

முறை முறையாக நடக்க வேண்டும் என்பதில் அவர் பிடிவாதக்காரர். பெண்ணும் மாப்பிள்ளையும் ஒரே வீட்டில் இருந்தால் எந்தக் கதவைத் தட்டுவது? தன் கதவைத்தான். வெள்ளை வேட்டியும் கோட்டும் போட்டு, தமிழ்க் கடையில் வாங்கிய ரோஸ் பாண் ஒன்றைத் தட்டில் வைத்துக்கொண்டு, வாசலுக்கு வெளியே போய் நின்று, தன் வீட்டு மணியைத் தானே அடித்தார். முன்வீட்டு வெள்ளைக்காரர் காரைக் கழுவுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

சொலோமியா கதவைத் திறந்தாள். வேலைக்குப் போகக் கோட்டு மாட்டியிருந்தாள். வேட்டியையும் பாணையும் கண்டதும் அவளுடைய முகம் வெளுத்துப்போனது. அவர் அதை வெட்கம் என்று எடுத்துக்கொண்டார்.

ஆங்கிலத்தில் தான் தயார் செய்து வைத்திருந்ததைச் சொன்னார். தன் மகன் நல்லவன், வீட்டுக்கு ஒரே பிள்ளை, அவளை மகளாக வைத்துப் பார்ப்போம். அவள் கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு, “ஒரு நிமிடம், அங்கிள்” என்று மேலே போனாள். துவாய் வரப்போகிறது என்று செபமாலைமுத்து கோட்டுக் கழுத்தை நீவி, தோளைச் சற்றுத் தாழ்த்தி ஆயத்தமாக நின்றார்.

அவள் இரண்டு கையாலும் ஒரு பூசணிக்காயைத் தாங்கிக்கொண்டு இறங்கி வந்தாள். பச்சைத் தோல், வரி வரியாய்ப் பிளந்த உடம்பு, நாலு கிலோ இருக்கும். அதைத் தட்டில், பாணுக்குப் பக்கத்தில் வைத்தாள். பாணை அவள் தொடவில்லை. தலையைத் தாழ்த்தி, “மன்னியுங்கள் அங்கிள், வேலைக்கு நேரமாகிவிட்டது” என்று சொல்லிவிட்டு, பஸ் தரிப்பிடத்துக்கு ஏறக்குறைய ஓடினாள்.

கோயில் முற்றத்து மீசைக்காரக் கிழவர் சொல்ல விட்டிருந்தால் சொல்லியிருப்பார். அந்த ஊர்களில் பெண்ணுக்குச் சம்மதம் இல்லாவிட்டால், பேச வந்தவரின் பாணைத் தொடாமல், கையில் ஒரு பூசணிக்காயைக் கொடுத்து அனுப்புவாள். வாயைத் திறந்து மனத்தை நோகடிக்க வேண்டியதில்லை. வாங்கினவர் அதைத் தெருவால் சுமந்து போகும்போது ஊருக்கே பதில் தெரிந்துவிடும்.

செபமாலைமுத்து அதை வரவேற்பறை மேசையில், மடு மாதாவுக்கு நேரே வைத்தார்.

“என்னவாம்?” என்றாள் பியற்றிஸ்.

“ஓமாம்.”

“வாயால சொன்னவளோ?”

“மௌனம் சம்மதம். இல்லையெண்டு சொன்னவளோ? இரண்டு கையாலும் தந்தவள், தலை குனிஞ்சு தந்தவள். துவாய் நிச்சயதார்த்தத்துக்கு வரும்.”

“பாண் திரும்பி வந்திருக்கே.”

“ஒரே வீட்டுப் பாணை அவள் எங்கை வைச்சுத் தின்னுறது?” என்று ஒரேயடியாக மடக்கினார்.

பியற்றிஸ் பூசணிக்காயைத் தட்டிப் பார்த்தாள், காம்பைத் திருகிப் பார்த்தாள். கடைகளில் அந்த மாதம் ஹலோவீனுக்குப் பேய் முகம் வெட்ட வைத்திருக்கும் தண்ணீர்ப் பூசணி இல்லை அது. நம்முடைய கறிப்பூசணி. வெட்டினால் உள்ளே மஞ்சள் கமகமக்கும். “எங்கட வாய்க்கு எது பிடிக்கும் எண்டு தேடி வாங்கியிருக்கிறாள், பாருங்கோ” என்று சொல்லும்போது அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. இந்தப் பிள்ளையையா துவாய் காயப்போடுகிறாள் என்று திட்டினேன் என்று தன்னையே நொந்துகொண்டாள். அந்த நல்ல மனம் வீணாகக் கூடாது என்று, செபமாலைக்கு வழக்கமான கடலையை நிறுத்தி, இடியப்பமும் பூசணிக்காய்ப் பால்கறியும் என்று தீர்மானித்தாள். கொட்டையைக்கூட எறியவில்லை, கழுவி, பேப்பரில் பரவி, குசினி யன்னலில் காய வைத்தாள்.

மாலையில் இருபத்தைந்து பேர் வந்தார்கள். செபமாலையின் ஐந்து தேவ இரகசியங்களும் வழக்கத்தைவிட வேகமாக ஓடின, சொன்னவர் செபமாலைமுத்து. பிரார்த்தனை முடிந்ததும் எழுந்து தொண்டையைச் செருமினார். மாதாவின் அருளால் இந்த வீட்டில் ஒரு நல்ல காரியம் கூடியிருக்கிறது என்றார். பெண் யாரென்று சொன்னதும் சபை ஒரு கணம் விறைத்துவிட்டு, பிறகு கைதட்டியது. பக்கத்துத் தெரு சுலோச்சனா, எந்தச் செய்தியையும் பொயிலரைவிட வேகமாகச் சூடாக்குகிறவள், “எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும்” என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தாள். கறியைச் சனம் விரல் சூப்பிச் சாப்பிட்டது. இது பெண் தன் கையால் தந்த பூசணிக்காய் என்று பியற்றிஸ் தட்டுக்குத் தட்டு விளம்பரம் செய்தாள்.

எட்டு மணிக்கு நிர்மலனும் சொலோமியாவும் ஒன்றாக உள்ளே வந்தார்கள். வெம்பிளியிலிருந்து அவளை அவன் தன் வான் வண்டியில் ஏற்றி வந்திருந்தான். சுலோச்சனா பாய்ந்து போய் அவளைக் கட்டிக்கொண்டாள். சொலோமியா சுலோச்சனாவின் தோளுக்கு மேலால் தட்டுகளைப் பார்த்தாள். மஞ்சள் கறியைப் பார்த்தாள். பிறகு நிர்மலனைப் பார்த்தாள். அவன் தலையில் கை வைத்துக்கொண்டு நேரே குசினிக்குள் போனான். அவளும் போனாள். புது மாப்பிள்ளையும் பெண்ணும் தனியே கதைக்கட்டும் என்று சபை சிரித்தது. செபமாலைமுத்து மட்டும் பின்னால் போனார். நல்ல வேளைக்குக் கதவையும் சாத்தினார்.

“அங்கிள், அதைச் சமைத்துவிட்டீர்களா?” என்று சொலோமியா ஆங்கிலத்தில் கேட்டாள்.

“ஓம் பிள்ளை. எல்லாருக்கும் நல்லாப் பிடிச்சுது.”

அவள் அழப்போகிறாளா சிரிக்கப்போகிறாளா என்று அவருக்கு விளங்கவில்லை. அவளுக்கே விளங்கவில்லை போல. மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, கிழவர் விட்ட இடத்திலிருந்து சொல்லி முடித்தாள். செபமாலைமுத்து யன்னலில் காய்ந்துகொண்டிருந்த கொட்டைகளைப் பார்த்துக்கொண்டு கேட்டார். இருபத்தைந்து பேரும் இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டது தன் மகனுக்கு வந்த மறுப்பை என்று அவருக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் எடுத்தது.

“வாயால சொல்லியிருக்கலாமே, பிள்ளை” என்றார்.

“உங்கள் வீட்டில் இருக்கிறேன், அங்கிள். உங்கள் அறையில் படுக்கிறேன். வாயால் எப்படிச் சொல்வேன்? ஆறு மாதமாகப் பயந்துகொண்டிருந்தேன். நீங்கள் கேட்டால், நான் இல்லை என்றால், எங்கே போவேன்?”

இது அவரைக் குத்தியது. தகரக் கூரை முகாமில் அரிசி கொடுத்த ஓவர்சியரின் முகத்தை எப்படிப் பார்த்துப் பார்த்துப் பேசினோம் என்று அவருக்கு ஞாபகம் வந்தது. அந்த முகத்தை நானும் வைத்திருந்தேனா? வெட்கமாக இருந்தது. “அறை உன்ர அறைதான். அதுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. கேட்டது என்ர பிழை” என்றார். சொல்லிவிட்டு, ஏதோ ஒன்று உறுத்த, கொட்டைகளைத் திரும்பவும் பார்த்தார். “உந்தக் கறிப்பூசணியை உனக்கு ஆர் காட்டித் தந்தது?”

சொலோமியாவின் கண் நிர்மலன் பக்கம் போனது.

“நான்தான் வாங்கினனான், அப்பா” என்றான் நிர்மலன்.

கதவுக்கு அந்தப் பக்கம் சுலோச்சனா கறிக்கு வெந்தயம் போட்டதோ என்று பியற்றிஸிடம் கேட்பது துல்லியமாகக் கேட்டது.

“நீயோ?”

“நீங்கள் கேக்கப் போறியள் எண்டு தெரிஞ்சு அவ பயந்துபோய் என்னட்டச் சொன்னவ. அவையின்ர ஊர் வழக்கத்தையும் சொன்னவ. நான் கடைக்குப் போய் வாங்கிக் குடுத்தன். உங்களுக்கு விளங்கும் எண்டு நினைச்சம்.”

“கறிப்பூசணியாப் பார்த்து வாங்கியிருக்கிறாய்.”

“மறுத்தாலும் அம்மாவுக்கு உதவட்டும் எண்டு.”

செபமாலைமுத்துவின் தலைக்குள் பஸ் ஒன்று மெதுவாகப் பின்னோக்கி ஓடத் தொடங்கியது. ஏழு வீடுகள். ஒவ்வொரு வீட்டிலும் பெண் பார்த்து வந்த பிறகு, குளிர் காலமோ கோடையோ, நிர்மலன் ஒருநாள் போய் அந்த வீட்டுப் பொயிலரை இலவசமாகப் பார்த்துக் கொடுத்துவிட்டு வருவான். எவ்வளவு பண்பான பிள்ளை என்று அப்போது நெஞ்சு நிமிர்ந்திருக்கிறார். அடுத்த கிழமை அந்த வீட்டிலிருந்து மறுப்பு வரும்.

“அந்த டொக்ரர் பிள்ளை?” என்றார்.

“ஓம்.”

“அந்த லூயிஷாம் வீட்டுக்காரர்?”

“அவையின்ர பொயிலரில உண்மையா ஒரு பிழை இருந்தது. ஆனா ஓம், அந்தப் பிள்ளையிட்டயும் நான்தான் கேட்டனான், வேண்டாம் எண்டு சொல்லச் சொல்லி. எனக்குக் கலியாணம் வேண்டாம், அப்பா. ஆரும் வேண்டாம். இப்பிடியே நல்லாத்தான் இருக்கிறன்.”

“முழுப் பூசணிக்காயைச் சோத்துக்குள்ள மறைக்கிறது எண்டு கேள்விப்பட்டிருக்கிறன்” என்றார் செபமாலைமுத்து. “நீ பதினைஞ்சு வருசமா மறைச்சுக்கொண்டு திரிஞ்சிருக்கிறாய்.” கோபமாகச் சொல்லத்தான் தொடங்கினார், முடிவில் யன்னலில் கிடந்த ஒரு கொட்டையை எடுத்து விரலால் உருட்டினார். “ஊரார் பிள்ளையளிட்டப் போய்ச் சொல்லியிருக்கிறாய். என்னட்ட ஒரு வார்த்தை சொல்ல ஏலாமப் போச்சோ? நான் உன்னை அடிச்சனானோ? ஏசினனானோ?”

“இல்லை, அப்பா.”

“அப்ப?”

நிர்மலன் சப்பாத்துக் காலைப் பார்த்துக்கொண்டு நின்றான். “நீங்கள் சொல்லுவியள். கேக்கிறேல்லை.”

அடிபட்டிருந்தால் இவ்வளவு வலித்திருக்காது. செபமாலைமுத்து வாயைத் திறந்தார், அவன் நிமிர்வதற்குள் தான் சாத்திய கதவு ஞாபகம் வர, மூடிக்கொண்டார்.

வெளியே சபை காத்திருந்தது. அவர் போய் நடுவில் நின்றார். “பேச்சுக் கொஞ்சம் தள்ளிப்போகுது” என்றார். ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. நம்முடைய ஆட்களுக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு வேண்டாம். எல்லோரும் கண்ணைத் தாழ்த்தி, தட்டில் மிஞ்சியிருந்த கறியை இடியப்பத்தால் துடைத்துச் சாப்பிட்டுவிட்டு, நேரமாகுது என்று எழும்பினார்கள். சுலோச்சனா வாசலில் சப்பாத்து மாட்டும்போதே, “எனக்குத் தெரியும்” என்றாள்.

அந்த ஒரு மாதம் வீட்டில் பேச்சுக் குறைவாக இருந்தது. பியற்றிஸ் முதல் இரண்டு நாள் அழுதாள். பிறகு சொலோமியா அவளுக்கு ஒரு துவாயில் சிவப்புக் கறுப்புத் தையல் போடக் காட்டிக் கொடுத்தாள். இரண்டு பேரும் சோபாவில் இருந்து தைத்தார்கள். செபமாலைமுத்து தைக்கவில்லை, அழவில்லை. மகன் வேலைக்குப் போகும்போது கதவடிக்கு வருவார். ஏதோ கேட்க வருவது போல நின்றுவிட்டு, கதவைச் சாத்தாமல் உள்ளே போவார். ஒருநாள் தமிழ்க் கடையிலிருந்து ஒரு பூசணிக்காயைத் தூக்கிக்கொண்டு வந்து படிக்குக் கீழே வைத்தார். கறிக்கோ என்று கேட்ட பியற்றிஸிடம், கிடக்கட்டும் என்றார்.

நவம்பர் கடைசியில் பிறின்சி அக்கா பாரிசிலிருந்து வந்து இறங்கினாள். கலியாணம் பேசுகிறவர்களில் அவள் பெரிய கை. இவருக்கே பொறாமை வரக்கூடிய கை. கைப்பையிலிருந்து ஒரு படத்தை எடுத்து மேசையில் வைத்தாள். பல் டொக்ரர், வயது முப்பத்தாறு, குருநகர்ப் பக்கத்துக் குடும்பம், நிர்மலனின் படத்தைப் பார்த்துவிட்டு ஓமென்று சொன்ன பிள்ளை. சொலோமியாவையும் சேர்த்தால் ஒன்பதாவது. இதற்கு முந்தின வருடமாக இருந்தால் செபமாலைமுத்து அந்த இடத்திலேயே மண்டபத்துக்கு ரெலிபோன் எடுத்திருப்பார். கை அதற்குத் துடித்ததும் உண்மைதான்.

“தம்பி” என்று மேலே பார்த்துக் கூப்பிட்டார். நிர்மலன் பாதிப் படியில் வந்து நின்றான். அவனுக்குப் பின்னால், அறை வாசலில், கையில் ஊசியோடு சொலோமியா. “பிறின்சி அக்கா ஒரு பிள்ளையின்ர விசயமா வந்திருக்கிறா. நல்ல பிள்ளையாம். நீ என்ன சொல்லுறாய்?”

கேட்டுவிட்டு நின்றார். கேத்தல் கொதித்து ஓய்ந்தது. பிறின்சி அக்கா இரண்டு தரம் வாயைத் திறக்கப் போனாள். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

“எனக்கு வேண்டாம், அப்பா” என்றான் நிர்மலன். முப்பத்தெட்டு வயதில், அப்பா கேட்டு, அதற்குப் பதிலாக முதல் தடவையாகச் சொன்னான். சொல்லிவிட்டுப் படிக் கைபிடியை இறுகப் பிடித்துக்கொண்டான்.

செபமாலைமுத்து தலையாட்டினார். படிக்குக் கீழே குனிந்து, முழங்கால் முறிகிற சத்தத்தோடு பூசணிக்காயைத் தூக்கிக்கொண்டு வந்து, இரண்டு கையாலும் பிறின்சி அக்காவின் மடியில் வைத்தார்.

“ஐயோ தம்பி, என்னத்துக்கு உது? ரயிலில இந்தப் பாரத்தை எப்பிடிக் கொண்டு போறது?” என்று சொல்லிக்கொண்டே அதைத் தட்டிப் பார்த்தாள் அவள். முகம் மலர்ந்தது. “நல்ல முத்தல். பால்கறிக்கு எண்டே செய்தது. அப்ப, ஓமெண்டு பிள்ளை வீட்டில சொல்லட்டோ?”

பேச்சுக் கொஞ்சம் தள்ளிப்போகுது என்ற வாக்கியம் பழக்க தோசத்தில் அவருடைய நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கினார்.

“இல்லை, அக்கா. அவனுக்குக் கலியாணம் வேண்டாமாம்” என்றார். “நான் கேட்டனான்.”